அடிகள்

வடநாட்டார் காந்தியை மகாத்மா என்றார்கள். நாமும் அப்படிச் சொன்னோம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்திலும் மேடைப் பேச்சிலும் தமிழன் தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொண்டான்: காந்தியடிகள். மகாத்மா என்றால் பெரிய ஆத்மா. அடிகள் என்றால் பாதங்கள். ஆத்மா எங்கே, பாதம் எங்கே! மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் இதைவிடத் தப்பான மொழிபெயர்ப்பு இருக்க முடியாது. இருந்தும் எந்தத் தமிழன் காதிலும் அது தப்பாக ஒலிக்கவில்லை.

1930-ல் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரை வரை ஏறக்குறைய 240 மைல் நடந்த பாதங்கள் அல்லவா, அதனால்தான் அடிகள் என்று பெயர் பொருந்தியது என்று ஒரு பேச்சாளர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூட்டம் கைதட்டியது; நானும் தட்டினேன். மேடைக்கு நல்ல வாக்கியம். சொல்லுக்கு அது பொருள் அல்ல. தண்டிக்கு நடந்தவரும் அடிகள்தான், குணவாயிற் கோட்டத்தில் உட்கார்ந்து காவியம் எழுதியவரும் அடிகள்தான்.

'மகாத்மா' என்ற பட்டம் பல தடவை தமக்கு வேதனை தந்தது என்று காந்தியே தம் சுயசரிதையின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பட்டம் என்பது ஒருவர் இன்னார், இவ்வளவு பெரியவர் என்று அளந்து சொல்லும் சொல். அளவு கூடினால் சூட்டப்பட்டவருக்குக் கூச்சம், குறைந்தால் கோபம். அடிகள் என்ற சொல்லில் அந்த அளவை இல்லை. அது எதிரே இருப்பவரைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. சொல்கிறவனுடைய கண் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. குனிந்திருக்கிறான், அவனுக்குத் தெரிவது இரண்டு பாதங்கள். தெரிந்ததைச் சொல்கிறான்.

நான் புலவன் அல்ல, கதை எழுதுகிறவன். இலக்கணத்தில் எனக்குள்ள பரிச்சயம் பரீட்சைக்குப் படித்த அளவுதான். அந்த அளவிலேயே இந்தச் சொல் எனக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறது. தொல்காப்பியர் காலத்தில் 'கள்' விகுதி மாட்டுக்கும் மரத்துக்கும் உரியது. அஃறிணைக்குத்தான் பன்மை காட்டும். பிறகு மெல்ல மெல்ல மனிதர்மேல் ஏறியது. குறளிலேயே 'பூரியர்கள்' என்றும் 'மற்றையவர்கள்' என்றும் வந்துவிட்டது. ஆனால் 'அடிகள்' என்பதில் விகுதி தன் பழைய வேலையைத்தான் செய்கிறது. பாதம் அஃறிணை, இரண்டு பாதம், ஆகவே கள். அத்தனையும் முறைப்படி இருக்கிறது. வினையில்தான் விசேஷம். அடிகள் வந்தன என்று முடிய வேண்டிய வாக்கியம் அடிகள் வந்தார் என்று முடிகிறது. எழுவாயில் பாதமாக இருந்தது பயனிலைக்கு வருவதற்குள் மனிதராகிவிடுகிறது.

பின்னால் வந்தவர்களுக்கு இது போதவில்லை. 'அடிகளார்' என்று ஓர் 'ஆர்' சேர்த்தார்கள். மரியாதைக்குமேல் மரியாதை. குன்றக்குடி அடிகளார் என்ற பெயரில் அது காதுக்குப் பழகிப்போய்விட்டது, குறை சொல்ல மாட்டேன்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். வணங்கப்படுகிறவர் அடிகள் என்றால் வணங்குகிறவன் அடியான், அடியார், அடியேன். ஒரே சொல்லின் இரண்டு முனை. வைஷ்ணவர்கள் வீட்டில் இன்னும் 'அடியேன்' என்ற சொல் உயிரோடு இருக்கிறது. பேசுகிறவனும் பாதத்தைச் சேர்ந்தவன், கேட்கிறவரும் பாதம். நடுவில் முகம் என்ற ஒன்றே வருவதில்லை. இங்கிலீஷ்காரன் தன் ராஜகுமாரனை 'ஹைனெஸ்', அதாவது உயரம், என்கிறான். அண்ணாந்து பார்க்கிறான். பாரசீகத்திலிருந்து வந்த 'ஹுஸூர்' என்பதற்குச் சந்நிதி என்று பொருள். ஜப்பானியச் சக்கரவர்த்தியைக் குறிக்கும் 'ஹெய்க்கா' என்பதன் சொற்பொருள் படிக்கட்டுக்குக் கீழே என்பது. பழைய சீனக் கடிதங்களில் எதிராளியை, 'பாதத்தின் கீழ்' என்று பொருள்படும் ஒரு சொல்லால் அழைப்பது உண்டு. நமக்கு மிக நெருங்கிய உறவு சீனக்காரன்தான் என்று தோன்றுகிறது. அவனும் கடிதம் எழுதும்போது குனிந்திருக்கிறான்.

இந்தச் சொல்லைத் துறவிகளின் தனிச்சொத்து என்று நினைப்பவர்கள் உண்டு. நமக்குத் தெரிந்த பெயர்கள் அப்படி: பட்டினத்தடிகள், இராமலிங்க அடிகள், விபுலாநந்த அடிகள். கத்தோலிக்கக் குருவான தனிநாயகத்தையும் தனிநாயகம் அடிகள் என்றே தமிழுலகம் அழைத்தது. பழைய நாளில் அப்படி வரையறை இருந்ததாகத் தெரியவில்லை. பதினோராம் திருமுறையில் பாடல் உள்ள ஐயடிகள் காடவர்கோன் ஒரு பல்லவ அரசர். ஒன்பதாம் திருமுறையில் உள்ள வேணாட்டடிகளின் பெயரே அவர் வேணாட்டைச் சேர்ந்தவர் என்று சொல்கிறது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பழுவேட்டரையரைத் தெரியும். கல்கி அவருக்கு அறுபத்து நான்கு விழுப்புண் கொடுத்தார். பழுவூர்க் கல்வெட்டுகளோ அந்த வம்சத்தாருடைய பெயருக்கு முன்னால் 'அடிகள்' என்று பொறித்திருக்கின்றன. கத்தியும் கேடயமுமாகத் திரிந்த மனிதர் அடிகள்! கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலில் பூஜை செய்யும் குடும்பத்தாருக்கும் அடிகள் என்றே பெயர். ராஜா, போர்வீரன், பூசாரி, துறவி, ஆண், பெண் என்ற பேதம் இந்தச் சொல்லுக்கு இல்லை. இருக்கவும் முடியாது. பாதத்தைப் பார்த்து ஜாதியும் தொழிலும் சொல்ல முடியுமா?

1916-ல் சுவாமி வேதாசலம் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. முதல் இரண்டும் அச்சு மாறாத மொழிபெயர்ப்பு. மூன்றாவது அப்படி அல்ல. ஸ்வாமி என்றால் உடைமைக்காரன். அதற்கு நேர் தமிழ் உடையவர், உடையார். ராமாநுஜரை உடையவர் என்கிறோம். தஞ்சைக் கல்வெட்டு ராஜராஜனை உடையார் என்கிறது. மறைமலையடிகள் வடமொழியிலும் தேர்ந்தவர். அவருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் உடையாரை விட்டு அடிகளை எடுத்தார் என்று எண்ணுகிறேன். இரண்டும் ஒரே இடத்தில் வழங்கும் சொற்கள், ஆனால் ஒரே பொருளைத் தரும் சொற்கள் அல்ல. ஒன்று எதிரே இருப்பவரின் சொத்தைச் சொல்கிறது. மற்றது நான் விழுந்து கிடக்கும் இடத்தைச் சொல்கிறது.

இவ்வளவும் சொன்னது ஓர் ஓலைக்காக. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு எழுதிய இரண்டாவது ஓலை. என்னைக் கேட்டால், தமிழ்க் கதைகளில் ஒரு மரியாதைச் சொல் ஒரு சம்பவத்தையே தாங்கி நிற்பதற்கு அதைப்போல் இன்னொரு உதாரணம் இல்லை.

முதல் ஓலையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது வேனிற்காதையில் வருகிறது. மாதவி அதைத் தாழை மடலில் எழுதினாள். பித்திகை மொட்டை எழுதுகோலாக்கி, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து. வேனில் என்ற இளவரசன் முறை தெரியாதவன் என்றும், சந்திரனும் நல்லவன் இல்லை என்றும் சாதுரியமாக எழுதினாள். வசந்தமாலை கொண்டுபோய் நீட்டினாள். கோவலன் வாங்கவே இல்லை. ஆடல்மகள் இன்னொரு வேஷம் போடுகிறாள் என்று சொல்லித் திருப்பிவிட்டான். அந்தக் கடிதம் ரசிகன் ஒருவனுக்கு எழுதப்பட்டது. கோவலனோ அன்றைக்கு ரசிகனாக இருக்கும் நிலையில் இல்லை.

இரண்டாவது ஓலை அவனை வந்து அடைவது வழியில், மதுரைக்குப் போகும் பாதையில். கண்ணகியையும் கவுந்தியடிகளையும் ஓரிடத்தில் இருத்திவிட்டு நீர்த்துறைக்கு வருகிறான். துருத்திபோலப் பெருமூச்சு விட்டு விட்டு உருவமே மாறிப்போனவன். ஓலை கொண்டுவந்த கோசிகமாணிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. இவன்தானா என்று கேட்கவும் தயக்கம். பக்கத்தில் ஒரு குருக்கத்திப் பந்தல். குருக்கத்திக்கு மாதவி என்றும் பெயர் உண்டு. கோசிகன் அந்தக் கொடியைப் பார்த்து, கோவலன் பிரிந்த துயரில் வாடிய மாதவியைப்போல் நீயும் இந்த வேனிலில் வாடிவிட்டாயே என்கிறான். கோவலன் திரும்புகிறான். என்ன சொன்னாய் என்று கேட்கிறான். ஆள் தெரிந்துவிட்டது. நாவல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தினம் ஒரு தடவை படிக்கலாம்.

கோசிகன் உடனே ஓலையை நீட்டுவதில்லை. முதலில் பெற்றோர் மாணிக்கத்தை இழந்த நாகம்போல் ஆனதைச் சொல்கிறான். ராமன் போன பிறகு அயோத்தி இருந்ததுபோல் புகார் இருப்பதைச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் மாதவி. அவள் ஓலையைக் கொடுத்தபோது, என் கண்மணி போன்றவருக்குக் காட்டுங்கள் என்று வாயால் சொன்னாளாம்.

வாயால் சொன்னது கண்மணி. ஓலையில் எழுதியது அடிகள்.

அடிகள்முன் விழுகிறேன் என்று தொடங்குகிறது ஓலை. தாழை மடல் இல்லை, செம்பஞ்சு இல்லை, மன்மதன் இல்லை. நாலைந்து வரி. பெரியவர்களுக்குச் செய்யும் பணியை விட்டு, குலத்தில் பிறந்தவளோடு இரவில் புறப்பட்டுப் போகும்படி நேர்ந்தது. பிழை என்னவென்று தெரியாமல் நெஞ்சு தவிக்கிறது. அதை நீக்க வேண்டும். பொய்யற்ற பார்வையுடைய பெரியோய், போற்றி. அவ்வளவுதான். யார் பெயரும் இல்லை. காதல் என்ற பேச்சு இல்லை. அவள் மறைத்து எழுதினாள் என்று நான் நினைக்கவில்லை. சாமர்த்தியம் எல்லாம் முதல் ஓலையிலேயே செலவாகிவிட்டது. இப்போது அவளுக்குத் தெரிவது அவன் முகம் அல்ல, போய்க்கொண்டிருக்கும் பாதம்.

கோவலன் படித்தான். அவள்மேல் தவறில்லை, தவறு தன்னுடையது என்று தெளிந்தான். பிறகு செய்கிற காரியம்தான் ஆச்சரியம். இந்த வாசகம் என் பெற்றோருக்கும் பொருந்துகிறது, நான் அவர்கள் அடி தொழுததாகச் சொல்லி இதையே காட்டு என்று அதே ஓலையைக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பொருந்தத்தான் செய்கிறது. பிள்ளை பெற்றோருக்கு எழுதியதாக வைத்துப் படித்துப் பாருங்கள். உங்களுக்குச் செய்யும் பணியை விட்டேன், குலமகளோடு இரவில் வெளியேறினேன், பிழை, நெஞ்சு தவிக்கிறது, பொறுக்க வேண்டும். ஓர் எழுத்து மாற்ற வேண்டாம். பிழை யாருடையது என்ற ஒன்று மட்டும் கை மாறுகிறது. அவள் கையில் இருந்தபோது, நான் செய்த பிழை என்ன என்று கேட்ட ஓலை, அவன் கைக்கு வந்ததும் என் பிழை என்று ஒப்புக்கொள்ளும் ஓலை ஆகிவிடுகிறது. இந்த மாற்றம் நடக்க முதல் சொல் இடம் கொடுக்க வேண்டும். 'கண்மணி' என்று அவள் எழுதியிருந்தால் ஓலை கோவலனோடு நின்றிருக்கும். 'அன்பரே' என்றாலும் அப்படியே. 'அடிகள்' காதலனுக்கும் பொருந்துகிறது, தகப்பனுக்கும் பொருந்துகிறது, தாய்க்கும் பொருந்துகிறது. பெண்பால் தனியாக வேண்டியதில்லை. கூடவே நடந்து வருகிற கிழவியை நாம் கவுந்தியடிகள் என்றுதானே சொல்கிறோம்.

வசனத்தில் சுருக்கி எழுதும் சிலர் இந்த இடத்தில் 'பிராணநாதா' என்றோ 'அன்பரே' என்றோ போட்டுவிடுகிறார்கள். வாசகனுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அடுத்த பக்கத்தில் அதே கடிதத்தைக் கோவலன் அப்பா அம்மாவுக்கு அனுப்புகிறான். பிராணநாதா என்று தொடங்கும் கடிதத்தை! ஒரு வார்த்தையை மாற்றியதில் கோவலன் பைத்தியக்காரன் ஆகிவிட்டான்.

நாவலாசிரிய நண்பர் ஒருவர் இதைப் பற்றி என்னோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறார். கோவலனுக்கு இதயமில்லை என்பது அவர் வாதம். ஒரு பெண் உயிரைப் பிழிந்து எழுதினதை வாங்கி, வேறு ஓலை தேடச் சோம்பல்பட்டு, மேல்விலாசம் மாற்றி அனுப்புகிறான். மாதவிக்குப் பதில் ஒரு வரி உண்டா? தவறு அவளுடையது அல்ல என்று நெஞ்சில் நினைத்தானே, அதைப் போய்ச் சொல் என்று கோசிகனிடம் சொன்னானா?

சொல்லவில்லை. அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் கிடையாது. கோவலன் அப்படிப்பட்டவன்தான். கடைசி நாளில் கண்ணகியிடம் பேசும்போதுதான், கல் நிறைந்த காட்டு வழியைக் கடக்க இந்த மெல்லிய பாதங்களுக்கு வலிமை ஏது என்று கேட்க அவனுக்குத் தோன்றுகிறது. கண்ணகியும், பெரியவர்கள் போற்றாத வழியில் நடந்தீர் என்று சொல்கிறாள். குற்றம் சாட்டும்போதும் 'நீ' என்று சொல்லவில்லை. அடுத்த நாள் பாண்டியன் சபையில் வேறு கண்ணகியைப் பார்க்கிறோம். ஆராயாத அரசன் என்று மொட்டையாக அழைக்கிறாள். புருஷனுக்குக் கொடுத்த மரியாதையை ராஜாவுக்குக் கொடுக்கவில்லை. இளங்கோ இந்தக் கணக்கில் மிகவும் ஜாக்கிரதையான மனிதர்.

நண்பரோடு நான் மாறுபடுவது வேறு இடத்தில். ஓலையைத் திருப்பி அனுப்பியது சோம்பல் அல்ல. மாசாத்துவான் வீட்டு வாசலை மாதவி மிதிக்க முடியாது. அவள் அந்தக் குலத்துக்கு எந்த முறையும் இல்லாதவள். அவள் கையெழுத்து அந்த வீட்டுக்குள் போகிறது. மகன் மன்னிப்புக் கேட்கும் கடிதமாக, மூத்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கடிதமாகப் போகிறது. மன்னிப்புக் கேட்கும் சொல் தனக்கு அகப்படாமல் தவித்தவனுக்கு அதை அவள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். காவியத்தில் கோவலனும் மாதவியும் கடைசியாகச் சேர்ந்து செய்த காரியம் இது. கானல்வரியில் யாழை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பாடிப் பிரிந்தார்கள், இங்கே ஓர் ஓலையை ஒருவர் எழுத மற்றவர் அனுப்புகிறார். அவளுக்கு அது தெரியாது என்பது கொடுமைதான். நண்பர் அந்தக் கொடுமையை மட்டும் பார்க்கிறார்.

இதை எழுதியவரையும் சொல்லியாக வேண்டும். பதிகத்தில் சாத்தனார் அவரை 'அடிகள்' என்று விளித்து, முடியுடைய மூன்று வேந்தருக்கும் உரிய கதையாதலால் அவரே பாட வேண்டும் என்கிறார். முடியை வேண்டாம் என்று விட்டவருக்கு அடி என்று பெயர். தினமும் பிறர் வாயால் தன்னைக் குறிக்கக் கேட்ட சொல்லை எடுத்து, ஒரு கணிகையின் ஓலையில் முதல் சொல்லாக வைத்திருக்கிறார். மடத்துக்கும் மாடத்துக்கும் பொதுவான சொல் அது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதிகம் பிற்காலத்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும், ஓலை காவியத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஓலை புகாருக்குப் போய்ச் சேர்ந்த காட்சியை இளங்கோ எழுதவில்லை. பின்னால் மாடலன் வாயிலாக நமக்குத் தெரிவது இவ்வளவுதான்: மகன் கொலையுண்ட செய்தி கேட்டு மாசாத்துவான் செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியானான், தாய் இறந்துபோனாள், மாதவி கூந்தலைக் களைந்து அவளும் பௌத்த சங்கத்தில் சேர்ந்தாள்.

கூந்தல் என்றதும் இன்னொன்று. அந்த ஓலைக்கு மண் இலச்சினை வைத்திருந்தது. முத்திரைக்குப் பதில் மாதவி தன் கூந்தலை அந்த ஈரமண்ணில் ஒற்றியிருந்தாள். கோவலன் ஓலையை வாங்கியதும் பிரிக்கவில்லை. கூடி வாழ்ந்த காலத்தில் அவள் தேய்த்த எண்ணெயின் வாசம் அந்த மண்ணில் இருந்தது, அதை விட முடியாமல் வைத்துக்கொண்டு நின்றான் என்கிறார் இளங்கோ. பிறகுதான் படித்தான். பெற்றோருக்கு அனுப்பும்போதும் அதை 'மண்ணுடைய ஓலை' என்றுதான் சொல்கிறான். ஆகவே வாசகம் மட்டும் போகவில்லை, அந்த மண்ணும் போயிருக்கிறது. கிழவர் மாசாத்துவான் அதைக் கையில் வாங்கியிருந்தால், மகன் எழுதிய ஓலையில் இந்த வாசம் எப்படி வந்தது என்று கேட்டிருப்பாரா, அல்லது தெரிந்துகொண்டு பேசாமல் இருந்திருப்பாரா?